கசப்புக்கு எந்த ஹாப்ஸ், வாசனைக்கு எந்த ஹாப்ஸ்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ. கும்பகோணம், மன்னார்குடி பக்கத்திலிருந்து சிங்கப்பூர், லண்டன் என்று போய் அங்கே வீட்டில் பீர் காய்ச்சிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் மைக்ரோபுருவரி (சின்ன பீர் ஆலை) வேலைக்குச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஊரிலேயே இருந்துகொண்டு, மது இல்லாத ஹாப்ஸ் சோடா செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்புக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது கிடைத்ததெல்லாம் ஹாப்ஸ் ரகங்களின் பெயர்ப் பட்டியல்தான். கசப்புக்கு மேக்னம், வாசனைக்கு சாஸ், இரண்டுக்கும் சிட்ரா. ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அதைத் தோண்டித் தோண்டித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் புரிந்தது இதுதான்: ஒரே பாக்கெட்டை நீங்கள் கசப்புக்கும் பயன்படுத்தலாம், வாசனைக்கும் பயன்படுத்தலாம். அடுப்பில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. நம் ஊர் வெயிலைத் தாண்டி அந்தப் பாக்கெட்டில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்பதைப் பிரீசர் தீர்மானிக்கிறது. பெயர் மூன்றாவதுதான்.

1. எங்கே காய்ச்சப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இதில் தெளிவாக இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "விற்கவில்லை சார், நான் குடிக்கத்தான்" என்பதெல்லாம் எடுபடாது. மால்ட் (முளைகட்டிய பார்லி) தண்ணீரில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால், சட்டத்தின் கண்ணில் அதுவும் ஊறல்தான்.

காரைக்கால் பக்கம் ஒரு பேச்சு உலவும்: "அது பாண்டிச்சேரி ஆட்சி, அங்கே காய்ச்சலாம்." நம்பாதீர்கள். அங்கே சரக்கு வாங்குவது எளிது, அவ்வளவுதான். தயாரிப்பதற்கு அங்கேயும் உரிமம் வேண்டும்.

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்த உபயோகத்துக்கு ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். விற்கக் கூடாது. பிரிட்டனில் சொந்தத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. சவூதி, குவைத்தில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் பீர் பகுதியை மறந்துவிடுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது ஹாப்ஸ் சோடா. அதில் மால்ட் இல்லை, சர்க்கரை இல்லை, ஈஸ்ட் இல்லை, எனவே மதுவும் இல்லை. ஆனால் ஹாப்ஸ் தேர்வு செய்யும் வித்தை அதேதான். செய்முறை 8-ஆம் படியில் இருக்கிறது.

"கொல்லையில் நட்டுவிடலாமா?" என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஹாப்ஸ் கொடிக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிரும், கோடையில் நீண்ட பகலும் வேண்டும். தஞ்சாவூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்கும் குறைவு. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் விளைகிறது. நம் வண்டலில் வராது.

2. கடிகாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஹாப்ஸ் பூவுக்குள் மஞ்சள் நிறத்தில் லுபுலின் என்ற பிசினான தூள் இருக்கிறது. நமக்கு வேண்டிய இரண்டும் அதில்தான் இருக்கின்றன. ஒன்று ஆல்ஃபா அமிலம், இன்னொன்று வாசனை எண்ணெய்.

ஆல்ஃபா அமிலம் அப்படியே தண்ணீரில் சரியாகக் கரையாது, பெரிதாகக் கசக்காது. கொதிக்கும்போது அதன் மூலக்கூறின் அமைப்பு மாறி, கரையக்கூடிய கசப்பாகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். வாசனை எண்ணெயின் கதை நேர்மாறானது. மிர்சீன் போன்ற எண்ணெய்கள் கொதிநீரின் ஆவியோடு பறந்துவிடும். ஒரு மணி நேரம் கொதித்தால் சமையலறை மணக்கும், பானம் மணக்காது.

நடுத்தர அடர்த்தியுள்ள மால்ட் சாற்றில், போட்ட ஆல்ஃபாவில் எவ்வளவு கசப்பாக மாறும் என்று டின்செத் சூத்திரத்தின்படி பார்த்தால்:

- 60 நிமிடம்: சுமார் 23 சதவீதம்
- 15 நிமிடம்: சுமார் 11 சதவீதம்
- 10 நிமிடம்: சுமார் 8 சதவீதம்
- 5 நிமிடம்: 5 சதவீதத்துக்கும் கீழே

எனவே கசப்புக்கான ஹாப்ஸை ஆரம்பத்திலேயே போடுங்கள். வாசனைக்கானதைக் கடைசி 10 நிமிடத்துக்குள் போடுங்கள், அல்லது அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியபின் போடுங்கள், அல்லது பீர் புளித்து முடிந்தபின் குளிர்ந்த நிலையில் 3 நாள் ஊறவிடுங்கள். இடைப்பட்ட 20, 30 நிமிடம் என்பது எனக்குப் பிடிக்காத இடம். கசப்பும் முழுதாக வராது, வாசனையும் தங்காது. பழைய செய்முறைகளில் இருக்கும், புதியவர்கள் விட்டுவிடலாம்.

இப்போது பெயருக்கு வருவோம். ஆல்ஃபா 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, வாசனை அடக்கமாக இருந்தால் அதைக் கசப்பு ஹாப்ஸ் என்று விற்கிறார்கள். மேக்னம் (11 முதல் 16 சதவீதம்), ஹெர்குலஸ், வாரியர் இந்த வகை. ஆல்ஃபா குறைவு, மணம் மென்மை என்றால் வாசனை ஹாப்ஸ். செக் நாட்டின் சாஸ் 2.5 முதல் 4.5 சதவீதம்தான், மூலிகையும் மிளகும் கலந்த மணம். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் தேனும் பூவுமாக இருக்கும். காஸ்கேட் பம்பளிமாஸ் தோல் மணம். சிட்ரா, மொசைக், சிம்கோ மூன்றிலும் ஆல்ஃபாவும் அதிகம், மணமும் அதிகம். சிட்ராவில் கிச்சிலியும் மாம்பழமும் சேர்ந்து வரும்.

சிட்ராவை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு வந்துவிடும்தான். ஆனால் அதன் மணத்துக்காகக் கொடுத்த கூடுதல் காசு ஆவியாகிப் போய்விடும். புதியவர்கள் அதிகம் பணத்தை விடுவது இங்கேதான்.

3. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: அறுவடை ஆண்டு, அந்த லாட்டின் (சரக்குத் தொகுதியின்) ஆல்ஃபா சதவீதம், பேக் செய்த தேதி, லாட் எண். மொத்த எண்ணெய் அளவும் (100 கிராமுக்கு இத்தனை மில்லி என்று) போட்டிருந்தால் நல்லது. வாசனைக்கு வாங்கும்போது அந்த எண் உதவும்.

ஆல்ஃபாவை "11 முதல் 16 சதவீதம்" என்று வீச்சாகப் போட்டிருந்தால் அது அந்த ரகத்தின் பொதுக் கணக்கு. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டின் கணக்கு வேறு. லாட் எண்ணைச் சொல்லி ஆய்வுச் சான்றிதழ் கேளுங்கள். ஒழுங்கான வியாபாரி ஒரு பிடிஎஃப் அனுப்பிவிடுவார். பெரிய பையிலிருந்து சின்னப் பாக்கெட்டுக்கு மாற்றி விற்பவர்களிடம் இது கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் பேக் செய்த தேதி புதிதாக இருக்கும், அறுவடை மூன்று வருடம் முந்தியதாக இருக்கும். எனக்கு ஒரு விற்பனையாளர் அனுப்பிய பாக்கெட்டில் அறுவடை ஆண்டே இல்லை. பிரித்தால் பச்சைக்குப் பதில் பழுப்பு நிறம், பழைய சீஸ் நாற்றம். பணம் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் சான்றிதழ் வராமல் பணம் அனுப்புவதில்லை.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஊரில் யாராவது "இது என்ன பச்சை மாத்திரை?" என்று கேட்டால் காட்ட உதவும்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டு வரலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். செடியிலிருந்து வந்த பொருளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அரைக் கிலோவுக்காக அந்தத் தலைவலி தேவையில்லை. இந்தியாவுக்குள் முறையாக இறக்குமதி செய்து விற்பவர்களிடம் வாங்குங்கள்.

4. கணக்குப் போடுங்கள், பிறகு விலை பாருங்கள்

சூத்திரம் இதுதான். ஹாப்ஸ் கிராமை ஆல்ஃபா சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஆல்ஃபா கிராம் வரும். அதை 1000-ஆல் பெருக்கி, லிட்டரால் வகுத்து, மேலே சொன்ன மாற்றச் சதவீதத்தைப் போட்டால் கசப்பு அளவு, அதாவது ஐபியு.

20 லிட்டருக்கு 12 சதவீத மேக்னம் 20 கிராம் என்று வையுங்கள். ஆல்ஃபா 2.4 கிராம். லிட்டருக்கு 120 மில்லிகிராம். 60 நிமிடம் கொதித்தால் அதில் 23 சதவீதம், சுமார் 28 ஐபியு. ஒரு நடுத்தரமான பேல் ஏலுக்கு (வெளிர் நிற பீர் வகை) இது போதும்.

இதே கசப்பை 3.5 சதவீத சாஸில் எடுக்க வேண்டுமானால் 68 கிராமுக்கு மேல் வேண்டும். அவ்வளவு தழை பாத்திரத்தில் கிடந்தால் பானத்தையும் குடித்துவிடும், புல் ருசியும் ஏறும்.

எனவே கசப்பு ஹாப்ஸை வாங்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், ஆல்ஃபா கிராம் விலையைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 100 கிராம் மேக்னம் 700 ரூபாய், 100 கிராம் சாஸ் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் 100 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் மேக்னத்தில் 12 கிராம் ஆல்ஃபா, கிராம் 58 ரூபாய். சாஸில் 3.5 கிராம், கிராம் 229 ரூபாய். அதே 28 ஐபியுவுக்கு ஒன்றில் 140 ரூபாய், இன்னொன்றில் 550 ரூபாய்.

வாசனை ஹாப்ஸுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அங்கே ஆல்ஃபா எவ்வளவு என்பது முக்கியமில்லை. புதிதா, மணம் இருக்கிறதா, அதுதான் கேள்வி. பழைய சிட்ராவைவிடப் புதிய காஸ்கேட் மேல்.

கிராம் கணக்கு என்பதால் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். சமையலறைத் தராசில் 3 கிராமும் 5 கிராமும் ஒன்றாகத்தான் தெரியும்.

5. எப்போது வாங்குவது

அமெரிக்கா, ஐரோப்பாவில் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. உலர்த்தி, பெல்லட்டாக்கி (பொடித்துச் சின்ன மாத்திரை போல அழுத்தி), கப்பலேறி நம் பக்கம் வரச் சில மாதம் ஆகும். அதனால் ஜனவரியில் போன வருட அறுவடையைக் கேட்டால் "இன்னும் வரவில்லை" என்று சொல்வார்கள், அது பொய்யில்லை.

டெல்டாவுக்குத் தருவிக்க நல்ல காலம் மார்கழி, தை, மாசி. சித்திரை, வைகாசியில் வாசனை ஹாப்ஸ் ஆர்டர் செய்யாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் கூரியர் வேனுக்குள் கிடக்கும் பாக்கெட்டின் நிலையை நினைத்துப் பாருங்கள். மேக்னம் போன்றவை ஓரளவு தாங்கும். ஆர்டரைத் திங்கள்கிழமை போடுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பும் பார்சல் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு குடோனில் வேகும். வீட்டுக்கு வந்து சேரும்வரை காத்திருக்காமல் கூரியர் ஆபீசுக்கே போய் வாங்கிவிடுவது நல்லது.

6. பிரீசரில் வையுங்கள், பிரிட்ஜ் போதாது

20 டிகிரி அறை வெப்பத்தில் ஆறு மாதம் வைத்தால் காஸ்கேட் தன் ஆல்ஃபாவில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். மேக்னம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இழக்கும். 20 டிகிரி என்பது அவர்கள் ஊர் அறை. நம் வீட்டு அலமாரியில் 35 டிகிரி, கூடவே ஈரக்காற்று.

வெள்ளி நிற ஃபாயில் பாக்கெட்டில், காற்று உறிஞ்சி எடுக்கப்பட்டு வரும் பெல்லட்தான் நமக்குச் சரி. உலர்ந்த முழுப் பூ வேண்டாம், காற்று படும் பரப்பு அதிகம். வாசனை ஹாப்ஸை 50 கிராமுக்கு மேல் ஒரே பாக்கெட்டில் வாங்காதீர்கள், ஒரு தரம் பிரித்தால் இறக்கம்தான். மிச்சத்தைக் காற்றை அழுத்தி வெளியேற்றி, நன்றாக மூடி, உடனே பிரீசரில். மீன், கருவாடு இருக்கும் பிரீசர் என்றால் இன்னொரு டப்பாவுக்குள் வையுங்கள்.

பிரீசரிலிருந்து எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் காற்றிலிருக்கும் ஈரம் பெல்லட்டின் மேல் வியர்த்து இறங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரம் போவது நமக்குத் தெரிந்ததுதான். 2018 நவம்பரில் கஜா வந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பிரிக்காத ஃபாயில் பாக்கெட் சில நாள் தாங்கும், பயந்து தூக்கிப் போட வேண்டாம். பிரித்ததை முதலில் பயன்படுத்துங்கள்.

7. தண்ணீர்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் கசப்பு கெடுவது பாதி நேரம் இதனால்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு. உள்ளே வந்தாலும் பல இடத்தில் தண்ணீர் கடினம், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும். அந்தக் காரத்தன்மையுள்ள தண்ணீரில் ஹாப்ஸ் போட்டால் கசப்பு நாக்கைப் பிறாண்டும், துவர்ப்பும் ஏறும். குழாய் நீரில் குளோரின் இருந்தால் பீரில் மருந்து நாற்றம் வரும்.

சோடாவுக்கு ஆர்ஓ கேன் தண்ணீர் எடுங்கள். வெளிநாட்டில் பீர் காய்ச்சுபவர்கள் தங்கள் ஊர் தண்ணீர் வாரியத்தின் அறிக்கையில் சல்பேட், குளோரைடு பாருங்கள். சல்பேட் தூக்கலாக இருந்தால் கசப்பு கூர்மையாகத் தெரியும், குளோரைடு தூக்கலாக இருந்தால் மென்மையாகத் தெரியும்.

8. ஊரில் செய்ய: ஹாப்ஸ் சோடா

இதற்குக் கசப்பு ஹாப்ஸ் வாங்கவே வேண்டாம். மால்ட்டின் இனிப்பு எதிரில் இல்லாததால் கொஞ்சம் கசப்பே பெரிதாகத் தெரியும். சிட்ரா, காஸ்கேட் இரண்டில் ஒன்று 50 கிராம் போதும். பத்துப் பன்னிரண்டு தடவைக்கு வரும்.

டிகிரி காபிக்கு முதல் டிகாக்ஷன் இறக்குவது போலத்தான். கெட்டியாக எடுத்து வைத்துக்கொண்டு, குடிக்கும்போது சோடா கலக்க வேண்டும்.

அரை லிட்டர் கேன் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அணையுங்கள். ஒரு பெரிய எலுமிச்சையின் சாற்றை வடிகட்டிச் சேருங்கள். புளிப்பு ஏறினால் துவர்ப்பு குறையும், கெட்டுப்போவதும் தள்ளிப்போகும். பிஎச் தாள் இருந்தால் 4-க்குக் கீழே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 80 டிகிரிக்கு இறங்கியதும் 4 கிராம் பெல்லட் போட்டு மூடுங்கள். 15 நிமிடம். அதற்கு மேல் விட்டால் புல் ருசி. துணியில் வடிகட்டி, பிழியாமல் விடுங்கள், பிழிந்தால் வண்டலும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். பிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு பிளைன் சோடா. இரண்டு லிட்டர் வரும். டிகாக்ஷனை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், வெளியே வைக்க வேண்டாம்.

சோடாவை டம்ளரில் கலக்குங்கள். சோடா மெஷினுக்குள் ஹாப்ஸ் தண்ணீரை ஊற்றினால் நுரை பொங்கி மெஷின் முழுக்க வழியும். சாதாரணக் கண்ணாடி பாட்டிலில் கேஸ் ஏற்றி மூடி வைக்கவே கூடாது, வெடிக்கும். சர்க்கரை சேர்க்க ஆசைப்பட்டால் டம்ளரில் சேர்த்து உடனே குடித்துவிடுங்கள். இனிப்போடு பாட்டிலில் அடைத்து வெளியே வைத்தால் தானாகப் புளிக்கத் தொடங்கும், முதல் படியில் சொன்ன சட்டம் அங்கே வந்து நிற்கும்.

கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். ஹாப்ஸ் கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும் சரக்கு.

விற்கும் எண்ணம் வந்தால் கதை வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவுக்குப் புகைப்படம், அடையாள அட்டையோடு அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். பாட்டிலில் அடைக்கும் முன் ஆய்வுக்கூடத்தில் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். தஞ்சாவூரிலேயே நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

9. பீர் காய்ச்சுபவர்களுக்கு ஒரு தொடக்க அளவு

20 லிட்டர் பேல் ஏல். 60 நிமிடத்துக்கு 12 சதவீத மேக்னம் 15 கிராம். கடைசி 10 நிமிடத்துக்கு 6 சதவீத காஸ்கேட் 25 கிராம். அணைத்து 80 டிகிரியில் 20 நிமிடம் காஸ்கேட் 30 கிராம். புளித்து முடிந்தபின் 3 நாள் ஊற 50 கிராம், இதை மட்டும் சிட்ராவாக வைத்துக்கொள்ளலாம். கொதியில் மட்டும் 27 ஐபியு கிடைக்கும். அடுத்த தடவை ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள், எல்லாவற்றையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

பாட்டில் பழுப்பு நிறமாக இருக்கட்டும். ஹாப்ஸ் கசப்பில் வெயில் பட்டால் பீர் நாறத் தொடங்கிவிடும், பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் அதைத் தடுக்காது.

10. சக்கையை எங்கே போடுவது

வடிகட்டிய சக்கையைக் கொல்லையில் கொட்டாதீர்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம். பச்சையானாலும் கொதித்ததானாலும் சரி, தின்றால் உடல் சூடு கிடுகிடுவென ஏறி இறந்துகூடப் போகலாம். மால்ட் ருசி ஒட்டிய சக்கை என்றால் தேடிப் பிடித்துத் தின்னும். குழி தோண்டி ஆழமாகப் புதையுங்கள், அல்லது பையில் இறுக்கிக் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். நாய் தின்றுவிட்டது தெரிந்தால் மூச்சிரைக்கும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.